தசரா லீவுக்கு ஊருக்குப் போன புழுக்கள்

உனக்கு வேறு வேலையே இல்லையா? ஏழு வருஷமாக வராத சந்தேகம், நாளை மறுநாள் பரீட்சை என்றதும் வந்துவிட்டதாக்கும். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் ஏதோ படத்தைப் பார்த்தாயாம். உடனே ஷூவைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குள் வந்து நின்றுகொண்டு, "ஆச்சி, செகண்ட் கிளாஸ்ல என் புழு மட்டும் ஏன் கூடு கட்டல?" என்று கேட்கிறாய். அந்தக் கேள்வியைப் புத்தகம் எழுதியவரிடம் போய்க் கேள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். என்னிடம் விஞ்ஞானம் கேட்டால் கொழுக்கட்டைதான் கிடைக்கும்.

விடமாட்டாய் போலிருக்கிறது. சரி, உட்கார். ஆனால் ஒன்று: கேட்டு முடித்த பிறகு மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால், உன் பங்கு பணியாரத்தையும் நானே தின்றுவிடுவேன். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

நாம் திருநெல்வேலியிலிருந்து இந்த ஏ.எஸ்.ராவ் நகருக்கு வந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. உன் அப்பாவுக்கு இங்கே வேலை, உன் அம்மாவுக்கும் வேலை, உனக்குப் பள்ளிக்கூடம். வேலை இல்லாமல் கூட வந்தவள் நான் ஒருத்திதான். அதனால் எனக்கொரு வேலையை நானே ஏற்படுத்திக்கொண்டேன். புறா விரட்டுவது. இந்த ஊர்ப் புறாக்களுக்கு நம் இரண்டாம் மாடி பால்கனி மேல் அப்படி என்ன ஆசையோ தெரியாது. காலையில் கழுவிவிட்டுத் திரும்பினால், மத்தியானத்துக்குள் மறுபடி வெள்ளையடித்து வைத்திருக்கும். நான் துடைப்பத்தோடு ஓடுவேன். அது எதிர்வீட்டு ஏசிப் பெட்டி மேல் உட்கார்ந்து, இந்தக் கிழவிக்கு என்ன வந்தது என்பதுபோல் பார்க்கும். அந்த மூன்று மாதத்தில் நான் அதிகம் பேசியது அந்தப் புறாக்களிடம்தான். அக்கம்பக்கமெல்லாம் தெலுங்கு. என் தெலுங்கு காய்கறி வண்டியோடு சரி.

உனக்கும் என்ன வாழ்ந்தது? வகுப்பு தொடங்கி ஒரு மாதம் கழித்துச் சேர்ந்தாய். உன் தமிழ் அவர்களுக்குப் புரியாது, அவர்கள் தெலுங்கு உனக்குப் புரியாது. பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டால் "நல்லாருக்கு" என்பாய். உன் டிபன் டப்பா வேறு மாதிரி சொல்லும். வைத்த இட்லி வைத்தபடி திரும்பி வரும். தனியாக உட்கார்ந்து தின்கிற பிள்ளைக்கு இட்லி இறங்காது. அது எனக்கும் தெரியும், அந்த நாட்களில் நானும் தனியாகத்தான் தின்றேன்.

உங்கள் டீச்சர் வகுப்பில் வரிசைக்கொரு கறிவேப்பிலைத் தொட்டி வைத்து, அதில் பட்டாம்பூச்சிப் புழு வளர்க்கக் கொடுத்திருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். உங்கள் வரிசையில் எட்டுப் பிள்ளைகள். தொட்டியில் ஏழு புழுக்கள். ஆளுக்கொன்று என்று பிரித்தபோது, கடைசியாகச் சேர்ந்தவள் நீ. உனக்குப் புழு இல்லை.

தசரா லீவு வந்தது. மற்றப் பள்ளிக்கூடங்களில் வாரக்கணக்கில் லீவு, உன் பள்ளிக்கூடத்தில் கஞ்சத்தனமாக ஐந்து நாள். அந்த ஐந்து நாளுக்கும் எல்லாப் பிள்ளைகளும் ஊருக்குக் கிளம்பிவிட்டன. நமக்கு ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை. வரிசையில் ஊருக்குப் போகாதவள் நீ ஒருத்திதான் என்று டீச்சர் தொட்டியை உன் கையில் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் நான் கேட்டில் நின்றிருந்தேன். பஸ்ஸிலிருந்து நீ தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினாய். ஜன்னல் நிறையப் பிள்ளைத் தலைகள். எல்லாம் உன் பெயரைச் சொல்லிக் கத்துகின்றன, கையை ஆட்டுகின்றன. உன் பெயரை இந்த ஊரில் வேறு பிள்ளைகள் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அந்தச் சந்தோஷத்தில் தொட்டியைச் சரியாகப் பார்க்கத் தோன்றவில்லை. பரவாயில்லையே, பிள்ளைகளுக்குக் கறிவேப்பிலையெல்லாம் கொடுத்து விடுகிறார்களே, நல்ல பள்ளிக்கூடம் என்று நினைத்துக்கொண்டேன். நீ உன் அம்மாவிடம் இங்கிலீஷில் ஏதோ நீளமாகச் சொன்னாய். அவள் போனைப் பார்த்துக்கொண்டே "ம், ம்" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் நீ தூங்கிக்கொண்டிருந்தாய். சட்னிக்குத் தாளிக்க ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலை ஒடிக்கலாம் என்று பால்கனிக்குப் போனேன். பார்த்தால் இலை மேல் எச்சம். கறுப்பும் பழுப்பும் வெள்ளையுமாக, பளபளவென்று, ஆறு இடத்தில். ஒரே ராத்திரியில் ஆறு. வந்து ஒரு நாள் ஆகாத செடியையும் விட்டுவைக்கவில்லையே இந்தச் சவத்துப் புறா என்று எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. ஈரத்துணியை எடுத்து வந்து, சாமி விளக்குத் துடைப்பதுபோல் ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். துணியை உதறினேன். இரண்டு மக் தண்ணீரை ஊற்றி எல்லாவற்றையும் பால்கனிக் குழாய் வழியாகக் கீழே அனுப்பி வைத்தேன். அப்படியொரு திருப்தி.

நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாய்.

"ஆச்சி, புழு எங்க?"

"எந்தப் புழுட்டி?"

"இதுல இருந்துச்சே. கறுப்பா, வெள்ளை வெள்ளையா. பாத்தா அப்படியே பறவை ஆய் மாதிரி இருக்கும். அப்படி இருந்தாத்தான் பறவை ஏமாந்து திங்காம போவுமாம். டீச்சர் சொன்னாங்க."

ஈரத்துணி என் கையில்தான் இருந்தது. மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். பறவை ஏமாந்ததோ என்னவோ, நான் நன்றாக ஏமாந்திருந்தேன்.

நீ ஒவ்வொரு இலையாகத் திருப்பினாய். ஓர் இலைக்கு அடியில் ஒன்றே ஒன்று, என் துணிக்குத் தப்பி ஒட்டிக்கொண்டிருந்தது. நீ அழவில்லை. அழுதிருந்தால் ஒரு முறுக்கைக் கொடுத்துச் சமாளித்திருப்பேன். தொட்டிப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய்.

"ஏழு பேரும் எங்கிட்டதான ஆச்சி குடுத்தாங்க. பஸ்ல எல்லாரும் எங்கூட பேசினாங்க. இனிமே பேசவே மாட்டாங்க."

அந்த நேரத்தில் என் வாய் என்னைக் கேட்காமல் பேசிவிட்டது.

"கூறுகெட்டவளே, தசராவுக்கு எல்லாரும் எங்க போயிருக்காவ?"

"ஊருக்கு."

"அப்பம் புழு மட்டும் இங்க உக்காந்து உன் மூஞ்சியவா பாக்கும்? அதும் ஊருக்குப் போயிருக்கு."

நீ யோசித்தாய். "டிக்கெட்?"

"புழுவுக்கு எதுக்கு டிக்கெட்? உனக்கே அரை டிக்கெட்டுதான்."

"இது மட்டும் ஏன் போவல?"

"நம்மள மாதிரி எடம் கெடைச்சிருக்காது."

"எப்ப வரும்?"

"லீவு முடியங்காட்டியும் வந்துரும். இப்பம் வந்து பல்லைத் தேயி."

நீ போய்ப் பல் தேய்த்தாய். அடுப்படி வாசலில் உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அத்தை, பிள்ளைகிட்ட இப்படியா பொய் சொல்லுவீங்க? கழுவி விட்டுட்டேன்னு சொல்லிருங்க."

"ஊசி போடும்போது வலிக்காதுன்னு சொன்னியே, அது என்னது?"

"நாளைக்குப் பெரியவளாயிக் கேப்பா."

"கேக்கும்போது சொல்லிக்கிடலாம்."

ஆக, ஊருக்கு அனுப்பிவிட்டேன். இனி திரும்பக் கூட்டிவர வேண்டும். கையில் இருப்பது நாலு நாள். கழுவிவிட்ட தண்ணீர் எங்கே போய் விழுமோ அங்கேதான் தேட வேண்டும் என்று கீழே இறங்கினேன். அது விழுவது கீழ்வீட்டு வாசலில். அந்த வீட்டம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். மூன்று மாதமாக எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை இவ்வளவுதான்: நான் மேலே இருந்து தண்ணீர் விடுவேன், அவள் கீழே இருந்து தலையைத் தூக்கித் தெலுங்கில் ஏதோ சொல்வாள். நல்ல வார்த்தை இல்லை என்பது மட்டும் எனக்குப் புரியும். இப்போது அவள் வீட்டுக் குழாயடியில் நான் குத்தவைத்து உட்கார்ந்து ஈரமண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறேன். ஒரு புழுவும் இல்லை.

பதுகம்மா பண்டிகைக்காகப் பூ அடுக்கிக்கொண்டிருந்தவள், கையில் ஒரு சாமந்தியோடு வெளியே வந்தாள். "ஏமண்டி, ஏம் வெதுகுதுன்னாரு?" என்றாள். என்ன தேடுகிறாய் என்று கேட்கிறாள், அதற்கு மொழி எதற்கு?

நான் சுவரில் இருந்த புறா எச்சத்தைக் காட்டினேன். ஆள்காட்டி விரலைப் புழுப்போல் நெளித்தேன். இரண்டு கையையும் விரித்துப் பட்டாம்பூச்சியாகப் பறந்தேன். பிறகு துணியால் துடைப்பதுபோல் காட்டி, மாடியைக் காட்டி, உன் உயரத்துக்குக் கையை வைத்து, கன்னத்தில் கண்ணீர் வழிகிற மாதிரி விரலால் கோடு போட்டேன். அவள் முதலில் இரண்டடி பின்னால் போனாள். பிறகு, "புருகா?" என்றாள்.

"புழு, புழு."

அவ்வளவுதான், படியில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள் பார். சாமந்தி கையிலிருந்து விழுந்தது. எனக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் நானும் சிரித்துவிட்டேன். மூன்று மாதத்தில் அந்தக் கட்டடத்தில் நான் சத்தமாகச் சிரித்தது அன்றுதான்.

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தன் எலுமிச்சைச் செடியில் ஓர் இலையைத் திருப்பிக் காட்டினாள். எச்சம். விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டினாள். எச்சத்தின் தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு வெளியே வந்தது. எலுமிச்சை வாசம் வேறு. நான் அலறிவிட்டேன். தட்டினால் கொம்பு வந்தால் புழு, வராவிட்டால் எச்சம். இவ்வளவுதான் விஞ்ஞானம். இதற்கு ஒன்பதாம் வகுப்புவரை போக வேண்டியதில்லை.

அந்தச் செடியில் இரண்டுதான் கிடைத்தன. இன்னும் நான்கு வேண்டும். மறுநாள் அவளே வந்து கதவைத் தட்டினாள். லோத்குண்டாவில் இருக்கிற தன் அக்கா வீட்டில் பெரிய கறிவேப்பிலை மரம் இருக்கிறதாம். மூடியில் ஓட்டை போட்ட டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கிழவிகளும் ஷேர் ஆட்டோவில் போனோம். நான் தமிழில் பேசினேன், அவள் தெலுங்கில் பேசினாள், இரண்டு பேரும் தலையை ஆட்டினோம். திரும்பி வரும்போது பக்கத்தில் இருந்த ஆள் டப்பாவைப் பார்த்து என்னவென்று கேட்டான். அவள் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "பிரசாதம்" என்றாள். அவன் கையை நீட்டிவிட்டான்.

லோத்குண்டாவில் நான்கு கிடைத்தன. கணக்குச் சரி, போகலாம் என்றேன். அவளுக்கு மனசு வரவில்லை. காய்கறிக்காரர் கொசுறு போடுகிற மாதிரி, இன்னொரு இலையையும் கிள்ளி டப்பாவில் போட்டாள். நான் தட்டிப் பார்த்தேன். கொம்பு வரவில்லை. இன்னொரு தடவை தட்டினேன். ம்ஹும். அவளைப் பார்த்தேன். அவள் தலையைச் சாய்த்துக் கன்னத்தில் கை வைத்து, "நித்ர போதுந்தி" என்றாள். தூங்குகிறதாம். கொடுத்ததை வேண்டாமென்று சொல்லி அவள் மனதை நோகடிப்பானேன் என்று நானும் விட்டுவிட்டேன். அங்கேதான் நான் தப்புச் செய்தேன்.

ராத்திரி நீ தூங்கிய பிறகு எல்லாவற்றையும் தொட்டியில் விட்டேன். மூன்றாம் நாள் காலையில் நீ எழுந்துவந்து எண்ணினாய். "ஆச்சி, ஊர்லருந்து வந்துட்டு" என்று வீடே அதிரக் கத்தினாய். இரண்டு மட்டும் பச்சைப் பசேலென்று கொழுத்துப் போயிருந்தன. அவை பெரிதாகும்போது பச்சையாகிவிடுமாம்.

"இது ரெண்டும் ஏன் இவ்ளோ குண்டா ஆயிட்டு?"

"ஊருக்குப் போயிட்டு யாரு மெலிஞ்சு வந்திருக்கா?"

மறுபடியும் எண்ணினாய். "எட்டு இருக்கு ஆச்சி. ஏழுதான குடுத்தாங்க?"

"ஊருக்குப் போனவ, திரும்ப வரும்போது சொந்தக்காரங்க ஒருத்தரக் கூட்டிட்டு வந்திருக்கா. நானும் அப்படித்தான வந்தேன்."

இதை நீ அப்படியே வகுப்பில் போய்ச் சொல்லியிருக்கிறாய். டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தாராம். எட்டாவது யாருக்கு என்று பேச்சு வந்ததும், உனக்குத்தான் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். நீ நம் வீட்டுப் பிள்ளையாயிற்றே. வந்த விருந்தாளிக்கு முதலில் போடுகிற பழக்கம். "ஃபர்ஸ்ட் நீங்க எடுங்க" என்று ஏழு பேரையும் எடுக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டாய். மிச்சமிருந்தது எது? நீயே சொல். ஆடாமல் அசையாமல் இருந்த அந்தக் கொசுறுதான்.

அதன்பிறகு இரண்டு வாரத்துக்கு எனக்குத்தான் தூக்கம் போயிற்று. மற்றதெல்லாம் தின்றது, பெருத்தது, பச்சையானது, குச்சியில் நூல் கட்டி முதுகைச் சாய்த்துக்கொண்டு கூடானது. நீ தினமும் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் சொல்வாய்: "என்னுது இன்னும் தூங்குது ஆச்சி." அது வாயில் படுகிற மாதிரி ஒரு கொழுந்து இலையை வளைத்து வைத்தாயாம். வகுப்பில் சத்தம் போடாதீர்கள், என் புழு தூங்குகிறது என்றாயாம். நான் எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் உன் டிபன் டப்பாவைத் திறந்து பார்ப்பேன். காலியாக இருக்கும். ஒருநாள் அதற்குள் யார் வீட்டுப் புளியோதரையோ ஒட்டிக்கொண்டிருந்தது. கேட்டால், "எல்லாரும் என் புழு பக்கத்துல உக்காந்துதான் சாப்பிடுதாங்க. அது எந்திச்சா பாக்கணும்லா" என்றாய். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டேன்.

பட்டாம்பூச்சிகளைத் திறந்துவிடுகிற நாளில் வீட்டுப் பெரியவர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். உன் அம்மாவுக்கு ஆபீஸ், நான் வருகிறேன் என்றேன். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே போய்விட்டேன். முந்தானையில் ஒரு சின்ன ஈரத்துணி. யாரும் பார்ப்பதற்குள் அதைத் துடைத்துவிடுவது என்று திட்டம். பறந்து போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். கழுவியதில் ஆரம்பித்தது, துடைப்பதில் முடியட்டும்.

நீங்களெல்லாம் மைதானத்தில் வரிசையில் நின்றீர்கள். வகுப்புக்குள் எட்டிப் பார்த்தேன். தொட்டி மேல் போட்டிருந்த வலைக்குள் ஏழு பட்டாம்பூச்சிகள் இறக்கையை விரித்து விரித்து மூடின. பக்கத்தில் உங்கள் டீச்சர். கையில் ஈரக் கைக்குட்டை. உன் பக்கத்தில் உட்காருவாளே, இரட்டைப் பின்னல் போட்ட பிள்ளை, அவள் தன் தண்ணீர்ப் பாட்டிலைச் சாய்த்துக் கைக்குட்டையை நனைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் உன் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் அதற்குள் என் ஈரத்துணியை வெளியே எடுத்திருந்தேன். டீச்சர் என் கையில் இருந்த துணியைப் பார்த்தார். நான் அவர் கைக்குட்டையைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. அந்தப் பிள்ளைதான் முதலில் அசைந்தாள். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, ரகசியமாக, "உஸ்கு நக்கோ போலோ, தாதிமா" என்றாள்.

இந்த ஊர் உருதுவில் நக்கோ என்றால் வேண்டாம் என்பது அந்த மூன்று மாதத்தில் எனக்கே தெரிந்திருந்தது. உன்னிடம் சொல்ல வேண்டாமாம். ஏழு வயதுப் பிள்ளை, ஆச்சிக்குச் சொல்கிறது.

அது புழு இல்லை என்று டீச்சருக்கு முதல் நாளே தெரியும். அந்தப் பிள்ளைக்கும் தெரியும். அவளோடு சேர்ந்த மற்ற ஆறு பேருக்கும் தெரியும் என்பது, நீங்கள் உள்ளே ஓடி வந்தபோது அவர்கள் யாரும் உன் இலையைப் பார்க்காமல் உன் முகத்தையே பார்த்ததில் எனக்குத் தெரிந்துபோயிற்று. இரண்டு வாரமாக அந்த ஏழு பேரும் ஓர் எச்சத்தைச் சுற்றி உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார்கள். நீ புழுவைப் பார்க்க வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாய்.

நீ காலி இலையைப் பார்த்தாய். இலைக்கு அடியில் பார்த்தாய். உன் முகம் எந்தப் பக்கம் சாயப்போகிறதோ என்று பார்த்துக்கொண்டே துணியை முந்தானைக்குள் செருகினேன். நீ நிமிர்ந்து, அவ்வளவு பெருமையாகச் சொன்னாய்.

"பாத்தியா ஆச்சி? தூங்கிட்டே இருந்துட்டு என்னுதுதான் ஃபர்ஸ்ட் பறந்துருக்கு."

ஏழு பேரும் கை தட்டினார்கள். டீச்சர் கைக்குட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு கை தட்டினார். நானும் தட்டினேன்.

அன்று சாயங்காலம் கட்டடத்துப் பெண்கள் நாலைந்து பேர் கீழே கூடியிருந்தார்கள். அதற்குள் எனக்கும் அங்கே ஒரு நாற்காலி போட ஆரம்பித்திருந்தார்கள். எத்தனை பறந்தது என்று கேட்டார்கள். "எனிமிதி" என்றேன். தெலுங்கில் எட்டு. ஆட்டோவில் வரும்போது அவள்தான் எனக்கு அந்த எண்ணிக்கை சொல்லித் தந்திருந்தாள்.

கீழ்வீட்டுக்காரி சட்டென்று நிமிர்ந்தாள். தான் போட்ட கொசுறு என்னவென்று அவளுக்குத் தெரியாதா? யாருக்கும் தெரியாமல் மடிக்கு மேல் ஏழு விரலைக் காட்டி, கண்ணால் கேட்டாள். நான் எட்டு விரலை நீட்டினேன். என் விரல்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் எண்ணினாள். பிறகு, காது சரியாகக் கேட்காத மூன்றாம் மாடி அம்மாள் எத்தனை என்று மறுபடி கேட்டதும், எனக்கு முந்திக்கொண்டு அவளே உரக்கச் சொன்னாள்.

"எனிமிதி."